சொந்தக் காசில் படம்: கோலாலம்பூரில் நடிகர் தேடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழில் சொந்தமாகப் படம் எடுக்க நினைப்பவர்கள், கதை தயாரானதும் முதலில் கேட்பது கேமராவைப் பற்றி. நடிகர்களைப் பற்றிய கேள்வி அப்புறம்தான் வரும், அதுவும் படப்பிடிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது. அந்த வரிசையை மாற்றச் சொல்லத்தான் இந்தப் பக்கம். குறும்படம், முழுநீளப் படம் இரண்டுக்கும் பொருந்தும். பெரிய நிறுவனம் பின்னால் இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எனக்குத் தெரிந்த நாலு நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்களையே போட்டால் என்ன?

தாராளமாகப் போடலாம், அவர்கள் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தினால். ஆனால் நண்பரை மனதில் வைத்துக்கொண்டு பாத்திரத்தை அவர் அளவுக்கு வெட்டித் தைக்கும் வேலை நம்மிடம் அதிகம். ஐம்பது வயது மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) பாத்திரம் முப்பத்திரண்டு வயது நண்பருக்காக இளைத்துப்போகும், மீசைக்கு வெள்ளை அடிப்பார்கள், படம் பார்க்கிறவருக்கு அந்த மீசை மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, நம் வட்டாரம் சின்னது. தொலைக்காட்சி நாடகத்தில் போன வாரம் போலீஸ்காரராக வந்தவர் இந்த வாரம் டாக்டராக வருகிறார். பார்வையாளருக்கு அவர் முகம் பழகிவிட்டது. உங்கள் படத்தில் அவர் ரப்பர் தோட்டத்துத் தகப்பனாக வந்து நின்றால், முதல் பத்து நிமிடம் ‘இவரை எங்கேயோ பார்த்தோமே’ என்றுதான் ஓடும்.

நண்பராக இருந்தாலும் ஆடிஷனுக்கு வரச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிறவர் படப்பிடிப்பிலும் கோபித்துக்கொள்வார். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது லாபம்தான்.

சரி, எங்கே தேடுவது?

அந்தப் பாத்திரம் நிஜத்தில் எங்கே வாழுமோ, அதற்குப் பக்கத்தில். என்னிடம் இருக்கும் ஒரே சூத்திரம் இதுதான்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவிலும் முகநூலிலும் அறிவிப்புப் போடுங்கள், அது செலவில்லாத வேலை. ஆனால் அதைப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லா ஆடிஷனுக்கும் போகிறவர்கள். அவர்களுக்கு மேல் ஆள் வேண்டுமென்றால் நீங்கள்தான் வெளியே போக வேண்டும்.

மேடையிலிருந்து தொடங்கலாம். செந்தூலில் இருக்கும் கேஎல்பேக், அதாவது கோலாலம்பூர் கலைநிகழ்வு மையம், 2005 முதல் இயங்குகிறது. அங்கே ஆங்கில, மலாய் நாடகங்களில் நம் பிள்ளைகள் நடிக்கிறார்கள். நடிப்பு நன்றாக இருக்கும், தமிழ் எப்படி என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981 முதல் நடனமும் இசையும் கற்றுக்கொடுக்கிறது. நடனக்காரர்களுக்கு உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும், ஒரே அசைவைப் பத்து டேக்கிலும் அப்படியே தருவார்கள். முகம் மட்டும் மேடையின் கடைசி வரிசைக்காகப் பழகியது. அதைக் கேமராவுக்குக் குறைத்துக்கொள்ள அவர்களுக்கு ஒத்திகை வேண்டும். அஸ்வாரா எனும் தேசிய கலைக் கழகத்தில் நாடகமும் திரைப்படமும் தனித்தனித் துறைகள். மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ் மேடை நிகழ்ச்சிகளையும், விஸ்மா துன் சம்பந்தனில் டான்ஸ்ரீ சோமா அரங்கத்தில் நடப்பவற்றையும் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் போய்ப் பாருங்கள். கதாநாயகனைப் பார்க்காதீர்கள். வசனமே இல்லாமல் ஓரத்தில் நிற்கும்போதும் கதையைக் கவனித்துக்கொண்டிருக்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வானொலியையும் மறக்க வேண்டாம். மின்னல் பண்பலையின் நாடகங்களில் பேசியவர்கள் எதிராளியின் வரியைக் காதால் வாங்கிப் பதில் சொல்லப் பழகியவர்கள். பல புதுமுகங்களுக்கு இல்லாத குணம் அது. புதுமுகங்கள் தங்கள் வரி வரும்வரை காத்திருந்து ஒப்பிப்பார்கள்.

அப்புறம், நடிப்புக்குச் சம்பந்தமே இல்லாத இடங்கள். உறுமி மேளக் குழுக்களில் இருக்கும் இளைஞர்களைப் பாருங்கள்: கூட்டத்தின் நடுவே கூச்சமில்லாமல் நிற்பார்கள், தாளம் உடம்பில் ஊறியிருக்கும். சிலம்ப வகுப்புகள், இடைநிலைப்பள்ளிப் பேச்சுப் போட்டிகள், காலைச் சந்தையில் குரல் கொடுத்து வியாபாரம் செய்கிறவர்கள், கோயில் திருவிழாவில் மைக் பிடித்துக் காணாமல் போன பிள்ளையைத் தேடுகிறவர் என்று பட்டியல் நீளும். ஒரே எச்சரிக்கை, திருமண நிகழ்ச்சி அறிவிப்பாளர்களிடம் கொஞ்சம் நிதானம். எதிரே ஆள் இருந்தால் அவர்களை மகிழ்விக்காமல் இருக்க முடியாது. படத்தில் துக்க வீட்டுக் காட்சி இருந்தால் கஷ்டம்.

பாட்டி பாத்திரத்துக்கு ஆள் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

எல்லாருக்கும் இதே பாடுதான். அறுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஆடிஷன் அறிவிப்பைப் பார்த்து வரமாட்டார்கள். கோயில் மடைப்பள்ளியில் காய் நறுக்கும் அம்மாக்கள், திருமுறை வகுப்புக்கு வருகிறவர்கள், தாமான் (குடியிருப்புப் பகுதி) பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் என்று தேடிப்போக வேண்டும். முதலில் மகளிடமோ மருமகளிடமோ பேசுங்கள். வீட்டார் சம்மதம் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது.

அவர்களிடம் ‘நடிக்கிறீங்களா?’ என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தோட்டத்தில் இருந்த காலத்தைக் கேளுங்கள். இருட்டோடு எழுந்து பால்மரக் காட்டுக்குப் போனது, லயத்து வீட்டில் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓடியது, மழை வந்து வெட்டிய பால் வீணானது. கைத்தொலைபேசி மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கட்டும், பதிவாகிறது என்று சொல்லிவிட்டே வையுங்கள். கொஞ்ச நேரத்தில் கை தானாக எழும்பி, கத்தியைப் பிடித்து மரத்தைச் சுற்றி இழுக்கும் அந்தச் சாய்வு வரும். எந்த நடிப்புப் பட்டறையிலும் கற்றுத்தர முடியாத அசைவு அது. அது வந்துவிட்டால் பாட்டி கிடைத்துவிட்டார். வசனத்தை அவருக்குத் தகுந்த மாதிரி நீங்கள் மாற்றி எழுதுங்கள். பேசியது பத்திரமாக உங்களிடமே இருக்கட்டும், அவர் கேட்டால் அழித்துவிடுங்கள்.

அறிவிப்பில் என்ன எழுத வேண்டும்?

‘புதுமுகங்கள் தேவை, திறமைக்கு முன்னுரிமை, உடனே தொடர்புகொள்ளவும்’ என்று எழுதினால் யார் வேண்டுமானாலும் வருவார்கள், வேண்டிய ஆள் வரமாட்டார். இப்படி எழுதிப் பாருங்கள்:

‘40 நிமிடக் குறும்படம். கதை கிள்ளானில் நடக்கிறது. தேவை: 35 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண், தொழிற்சாலை ஊழியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டில் பேசும் தமிழ் போதும், நடிப்பு அனுபவம் அவசியமில்லை. ஐந்து நாள் படப்பிடிப்பு, எல்லாம் சனி, ஞாயிறு. நாள் சம்பளம், பெட்ரோல், டோல், சாப்பாடு உண்டு. நெருக்கமான காட்சிகள் இல்லை. நேர்முகத் தேர்வு பொது மண்டபத்தில், துணைக்கு ஆள் வரலாம்.’

நாள் சம்பளம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் இன்னும் நல்லது. எழுதக்கூடாதது ஒன்று இருக்கிறது: ‘சிவப்பாக, அழகாக’. நம் அறிவிப்புகளில் இன்னும் இது வருகிறது என்பதே வெட்கக்கேடு. கிள்ளானில் மூன்று ஷிப்ட் பார்க்கும் தாய்க்கு என்ன நிறம் வேண்டும் என்று முடிவுசெய்ய நாம் யார்?

வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னால் போதாதா? எதற்கு நேரில்?

முதல் சுற்றுக்குப் போதும். செல்ஃப் டேப் வந்தபிறகு ஜொகூரில் இருக்கிறவரும் அலைச்சல் இல்லாமல் முயற்சி செய்ய முடிகிறது. ஒரு பக்கத்துக்கு மேல் அனுப்பாதீர்கள். கைத்தொலைபேசியைப் படுக்கை வசமாக வைத்து, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து, பின்னணி இசை சேர்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள். இசை சேர்க்காதீர்கள் என்பதைத் தடித்த எழுத்தில் சொன்னாலும் சிலர் வயலின் போட்டு அனுப்புவார்கள், அதுவும் ஒரு தகவல்தான்.

வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் இருப்பது அவர் எடுத்ததில் மிகச் சிறந்தது, எத்தனையாவது டேக் என்று உங்களுக்குத் தெரியாது. திருத்தம் சொன்னால் எப்படி வாங்கிக்கொள்வார் என்பதும் தெரியாது.

நேர்முகத் தேர்வை எப்படி நடத்துவது?

இடத்தை முதலில் சொல்கிறேன். ஓட்டல் அறை கூடாது, வீடு கூடாது. தமிழ்ப்பள்ளி மண்டபம், சங்கக் கட்டடம், தாமான் பல்நோக்கு மண்டபம், நூலக அறை, எதுவானாலும் ஆள் நடமாட்டம் உள்ள பொது இடம். எல்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கார் இல்லாதவர்களும் வருவார்கள். காத்திருக்கும் இடமும் நடிக்கும் இடமும் தனித்தனியாக இருக்கட்டும். முன்னால் போனவர் அழுவது வெளியே கேட்டால் அடுத்தவரும் அதே மாதிரி அழுவார்.

ஆளுக்குக் கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று வரிசை கட்டினால் நீங்கள் பார்ப்பது பதற்றத்தை மட்டுமே.

எதிர் வசனம் சொல்ல ஒரு நல்ல ஆள் அவசியம். உதவி இயக்குநர் தாளைப் பார்த்து ஒரே தொனியில் வாசித்தால், எதிரே நிற்பவர் சுவரோடு பேசுகிற மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் நடிக்கத் தெரிந்த நண்பரை அந்த ஒரு நாளைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், நடிகர் கண்ணைப் பார்த்துப் பேசட்டும்.

காட்சி எதைக் கொடுப்பது? பெரும்பாலும் படத்திலேயே பெரிய அழுகைக் காட்சியைத்தான் கொடுக்கிறார்கள். நான் சின்னக் காட்சியைத்தான் விரும்புவேன். உதாரணத்துக்கு ஒன்று: அக்கா துணி மடித்துக்கொண்டிருக்கிறார், தம்பி வந்து நிற்கிறான்.

‘அக்கா, மோட்டார் பட்டறையில இருக்கு.’
‘ம்.’
‘ஒரு நூறு வெள்ளி இருக்குமா?’
‘போன மாசம் வாங்கினது?’

இவ்வளவுதான். அக்கா பாத்திரத்துக்கு வந்தவர் கையில் நிஜமான துணிகளைக் கொடுங்கள், ஒரு கைலியும் பள்ளிச் சட்டையும் இருந்தால் நல்லது. சிலர் ‘நூறு வெள்ளி’ என்றதும் துணியைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, கண்ணை உருட்டிப் பேசுவார்கள். சிலர் மடிப்பதை நிறுத்தமாட்டார்கள், ஆனால் மடிக்கும் வேகம் மாறும். பள்ளிச் சட்டையின் காலரை ஒருதரம் அதிகமாக நீவிவிட்டு, தம்பியைப் பார்க்காமலே அந்தக் கடைசி வரியைச் சொல்கிறவர் வந்தால், அவரிடம் மறுநாள் வரமுடியுமா என்று கேளுங்கள்.

ஒருமுறை நடித்தபிறகு, அது நன்றாகவே இருந்தாலும், மாற்றிச் சொல்லுங்கள். ‘இப்போ அக்காவுக்குத் தம்பிமேல கோபமே இல்லை, பணம்தான் இல்லை.’ இதைக் கேட்டு இரண்டாவது தடவை வேறு மாதிரி செய்கிறவர் உங்களோடு வேலை செய்ய முடிந்தவர். முதல் தடவை அற்புதமாகச் செய்து, இரண்டாவது தடவையும் அச்சு மாறாமல் அதையே செய்கிறவரை நம்பி ஐந்து நாள் படப்பிடிப்பில் இறங்கத் தயக்கமாக இருக்கும்.

கடைசிச் சுற்றில் ஜோடிகளைச் சேர்த்துப் பாருங்கள். தனித்தனியாகச் சிறப்பாகச் செய்த இருவர் பக்கத்தில் நின்றால் ஒரே குடும்பம் என்று நம்ப முடியாமல் போகலாம்.

தமிழ் உச்சரிப்பை எப்படிச் சோதிப்பது?

பெரிய கேள்வி. நம் ஆட்கள் சென்னைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். நேரில் பேசும்போது நம்மூர்த் தமிழ்தான் பேசுவார்கள். வசனத்தாளைக் கையில் கொடுத்ததும் குரல் கோடம்பாக்கத்துக்குப் போய்விடும். சுங்கை சிப்புட்டில் பிறந்த லாரி ஓட்டுநர் மதுரைக்காரரைப் போல உறுமுவார்.

அறைக்குள் வந்ததும் தாளைக் கொடுக்காதீர்கள். ‘எப்படி வந்தீங்க, வழியில ஜேமா?’ என்று கேளுங்கள். ‘அத ஏன்ணே கேக்குறீங்க, ஃபெடரல் ஹைவேயில ஒரு லோரி படுத்துக்கிச்சு’ என்று தொடங்கினால் பேசவிடுங்கள். கேமரா ஓடட்டும். அந்தப் பேச்சு முடிந்த சூட்டோடு காட்சிக்குள் போகச் சொல்லுங்கள். இரண்டையும் அன்று இரவு அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும். ஹைவே கதை சொன்னவரும் வசனம் சொன்னவரும் ஒரே மனிதராகத் தெரிந்தால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

தெரியவில்லையென்றால் ஆளை உடனே கழித்துவிட வேண்டியதில்லை. பல நேரம் குற்றம் எழுத்தாளருடையது. எழுதியது சினிமாத் தமிழ், வேறெப்படிச் சொல்வார்? காட்சியை அவர் சொந்த வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். மலாய்ச் சொல் நடுவே விழட்டும், ‘லா’ வரட்டும். வசனத்தைவிட அது நன்றாக இருந்தால் அதையே எழுதிக்கொள்ளுங்கள்.

நம் தமிழும் ஒன்றில்லை. தோட்டத்தில் வளர்ந்த எழுபது வயதுக்காரர் பேச்சில் தாத்தாவின் ஊர் வாடை இருக்கும். பங்சாரில் வளர்ந்த பையன் ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பேசுவான். வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசும் குடும்பத்துப் பிள்ளைகளின் தமிழ் இன்னொரு மாதிரி. அப்பாவும் மகளும் வேறு வேறு தமிழ் பேசுவது இங்கே இயல்பு, அண்ணனும் தம்பியும் பேசினால்தான் இடிக்கும்.

கேங்ஸ்டர் படம் எடுக்கிறவர்களுக்கு ஓர் உபரிக் குறிப்பு: கெட்ட வார்த்தையை அருமையாகப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரையரங்குக்குப் போகும் படம் தணிக்கை வாரியத்தைத் தாண்ட வேண்டும். அவருடைய மொத்தத் திறமையும் அங்கே ஊமையாகிவிடலாம்.

நடித்தே பழகாதவரை முக்கியப் பாத்திரத்தில் போடலாமா?

போடலாம், உலக சினிமாவில் அதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1948இல் வந்த ‘சைக்கிள் திருடர்கள்’ படத்தின் நாயகன் லம்பெர்த்தோ மஜ்ஜொரானி ஓர் ஆலைத் தொழிலாளி. இயக்குநர் விட்டோரியோ டி சிகா அவரைப் பிடித்ததே அந்த முகத்துக்காகவும் நடைக்காகவும்தான். கதையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். படம் உலகப் புகழ் பெற்றது, மஜ்ஜொரானி ஆலைக்குத் திரும்பிப் போய், பிறகு அங்கே வேலையை இழந்தார், சினிமாவிலும் பெரிதாக வாய்ப்பு அமையவில்லை. புதியவர் ஒருவரை அழைக்கும்போது ‘இதற்குப் பிறகு நீங்கள் பெரிய ஆள்’ என்று ஆசை காட்டாதீர்கள். ‘இத்தனை நாள் வேலை, இவ்வளவு சம்பளம், படம் எங்கே போகும் என்று எனக்கே தெரியாது’ என்று சொல்லுங்கள்.

நடைமுறையில், புதியவருக்கு எதிரே அனுபவமுள்ளவரை நிறுத்துங்கள். இரண்டு புதியவர்களை நீண்ட காட்சியில் தனியாக விட்டால் நாள் போய்விடும். ஒத்திகை அதிகம் வேண்டும், ஆனால் வசன ஒத்திகை வேண்டாம். சேர்ந்து சமைக்கவிடுங்கள், கடைக்கு அனுப்புங்கள், அந்த வீட்டில் அரைநாள் சும்மா இருக்கவிடுங்கள்.

டிக்டாக்கில் லட்சம் பேர் பின்தொடர்கிற ஒருவர் நடிக்கக் கேட்கிறார்.

மற்றவர்களைப் போல ஆடிஷனுக்கு வரட்டும். பின்தொடர்கிறவர்கள் இலவசமாகப் பார்த்துப் பழகியவர்கள், டிக்கெட் வாங்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பெண்கள் ஆடிஷனுக்கு வரத் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நாம்தான் உண்டாக்கி வைத்திருக்கிறோம். இரவு பத்து மணிக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது, ‘கதை சொல்கிறேன், காப்பிக்கு வாங்க’ என்பது, அறிவிப்பில் இல்லாத காட்சியை ஆடிஷனில் செய்யச் சொல்வது, எல்லாம் நடக்கிறது. பாலியல் தொல்லைக்கு எதிராக 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. புகாரை விசாரிக்கத் தீர்ப்பாயம் அமைக்கவும் அதில் வழி உண்டு. சட்டம் இருக்கட்டும், நீங்கள் செய்ய வேண்டியது எளிது. குழுவில் பொறுப்பான பெண் ஒருவர் ஆடிஷன் அறையில் எப்போதும் இருக்க வேண்டும். தொடர்பெல்லாம் படக்குழு எண்ணிலிருந்து, பகலில். துணைக்கு வருகிற அம்மாவையோ அண்ணனையோ வரவேற்று உட்கார வையுங்கள். தொடுதல், உடை தொடர்பான காட்சி இருந்தால் ஆடிஷனுக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள், ஆடிஷனில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

இப்படி நடத்தினால் முதல் படத்துக்குக் கொஞ்சம் பேர்தான் வருவார்கள். அவர்கள் வெளியே போய்ச் சொல்வார்கள், அடுத்த படத்துக்கு நிறையப் பேர் வருவார்கள்.

சின்னப் பிள்ளைகளை நடிக்கவைக்க என்ன விதி?

1966ஆம் ஆண்டுப் பிள்ளைகள், இளையோர் வேலைச் சட்டத்தைப் படியுங்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பொது நிகழ்ச்சிகளில் ஈடுபடுத்த ஆள்பலத் துறையின் உரிமம் வேண்டும். தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வு அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு நாளில் ஆறு மணி நேரம்தான் உச்சம். பள்ளிக்குப் போகிற நாளென்றால் பள்ளி நேரத்தையும் சேர்த்து ஏழு மணி நேரம். மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன் பதினான்கு மணி நேரம் இடைவெளி. இதை வைத்துக் கணக்குப் போட்டால் பள்ளி நாளில் பிள்ளையை வைத்து ஒன்றும் எடுக்க முடியாது என்பது புரியும். பள்ளி விடுமுறைக்குத் திட்டமிடுங்கள்.

தேர்வைத் தமிழ்ப்பள்ளி வழியாகச் செய்வதென்றால் தலைமையாசிரியரிடம் முறையாகக் கடிதம் கொடுங்கள். ஆசிரியர்கள் உடனே மாறுவேடப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையை அனுப்புவார்கள். பார்த்துவிட்டு, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்ததற்குத் திட்டு வாங்குகிற பிள்ளைகளையும் கேளுங்கள். பிள்ளைகளுக்குத் தாள் கொடுக்க வேண்டாம். விளையாட்டாக ஒரு பொய் சொல்லச் சொல்லுங்கள்: ‘வீட்டுப்பாடம் ஏன் செய்யல?’ யார் காரணத்தை யோசிக்கும்போது உங்கள் முகத்தையே பார்த்து எடைபோடுகிறார்களோ, அவர்களிடம் சரக்கு இருக்கிறது. பெற்றோரையும் கூடவே பாருங்கள். கேமராவுக்குப் பின்னால் நின்று பிள்ளைக்குச் சைகை காட்டுகிற அப்பா இருந்தால் யோசித்து முடிவெடுங்கள்.

சம்பளம் கொடுக்கப் பணமில்லை. ‘வாய்ப்பு’ என்று சொல்லலாமா?

கேமரா வாடகைக்காரரிடம் ‘வாய்ப்பு’ என்று சொல்ல முடியுமா? நம் நடிகர்களில் பெரும்பாலோருக்கு வேறு வேலை இருக்கிறது: ஆசிரியர், கிடங்கு ஊழியர், லாரி ஓட்டுநர், மருந்தக உதவியாளர். உங்களுக்காக ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அவருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. குறைந்தது அதையாவது ஈடுகட்டுங்கள். பெட்ரோல், டோல், பார்க்கிங், சாப்பாடு தனி. ஒரே அளவு பாத்திரங்களுக்கு ஒரே சம்பளம், சாயந்தரத்துக்குள் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிடும். ‘படம் ஓடினால் தருகிறோம்’ என்பது ஒப்பந்தமாக இருந்தால், எப்போது, எத்தனை விழுக்காடு, யார் கணக்குக் காட்டுவது என்று எழுத்தில் இருக்கட்டும்.

சண்டை, மோட்டார் ஓட்டுதல், தண்ணீர் உள்ள காட்சிகளுக்குக் காப்புறுதி எடுங்கள். பெர்கேசோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் சுயதொழில் செய்கிறவர்களுக்கு நடத்தும் திட்டத்தில் கலைத்துறையும் சேர்ந்திருக்கிறது. தொடர்ந்து நடிக்கிறவர்களை அதில் பதியச் சொல்லுங்கள், பலருக்கு இது தெரியாது.

பாதிப் படத்தில் நடிகர் காணாமல் போய்விட்டால்?

ஒரு பக்க ஒப்பந்தமாவது போடுங்கள்: நாட்கள், சம்பளம், மறுபடப்பிடிப்புக்கு வரும் கடமை, முகத்தையும் குரலையும் எங்கெங்கே பயன்படுத்துவீர்கள் என்பது. பதினெட்டு வயது ஆகாதவருக்குப் பெற்றோர் கையெழுத்து.

ஆனால் ஆள் காணாமல் போவதைவிட முடி காணாமல் போவது இங்கே அதிகம். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் மொட்டை போட்டுக்கொண்டு திங்கட்கிழமை படப்பிடிப்புக்கு வந்து நிற்கிற நாயகனை என்ன செய்வது? சாமி காரியம், திட்டவும் முடியாது. ஆடிஷன் படிவத்திலேயே ஒரு வரி சேருங்கள்: ‘இந்த ஆண்டு நேர்த்திக்கடன் உண்டா? தாடி, மொட்டை, விரதம்?’ விரத நாட்களில் சைவச் சாப்பாடும் ஏற்பாடு செய்ய வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் படம் வைக்கிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துவிட்டு ஆள் எடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு நடிகரைக் கூட்டிவந்தால் வியாபாரம் ஆகுமே?

அவருக்கு விமான டிக்கெட் போடுவதற்கு முன், வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் அனுமதியும் குடிநுழைவுத் துறையின் தொழில்முறை வருகை அனுமதியும் வேண்டும். சுற்றுப்பயணியாக வந்து நடித்துவிட்டுப் போவது சட்டப்படி செல்லாது. படப்பிடிப்புக்கு ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகத்தின் அனுமதியும் தனியாக உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அந்தக் கழகத்தின் தயாரிப்பு உரிமம் இல்லாமல் படம் தயாரிக்க முடியாது. அவருக்குச் செலவாகும் பணத்தில் இங்கே எத்தனை நாள் ஒத்திகை வைக்கலாம் என்றும் கணக்குப் பாருங்கள்.

நாங்கள் பினாங்கில் எடுக்கிறோம். ஏதாவது வித்தியாசம் உண்டா?

ஆடிஷனை ஜோர்ஜ்டவுனில் மட்டும் வைக்காதீர்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம் நம்மவர்கள் நிறைய. பாலம் தாண்டி வரச் சொன்னால் பாதிப்பேர் வரமாட்டார்கள். பெருநிலத்தில் ஒரு நாள், தீவில் ஒரு நாள் என்று வையுங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். சனி, ஞாயிறு ஓய்வு என்று நீங்களாக முடிவு செய்யாமல் அவர்களுடைய ஷிப்ட் அட்டவணையைக் கேளுங்கள்.

கதையில் தமிழ் முஸ்லிம் குடும்பம் இருந்தால், தயவுசெய்து அந்தச் சமூகத்திலேயே தேடுங்கள். நாசி கண்டார் கடைக்காரர் பாத்திரத்துக்கு மேலே ஒரு குல்லாவை மாட்டி ஒப்பேற்றும் பழக்கம் போதும். அவர்கள் தமிழின் முறைப்பெயர்கள் வேறு, இழுவை வேறு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வட்டாரத்தில் ஒரு சாயந்தரம் டீக்கடையில் உட்கார்ந்தாலே காதுக்குப் புரிந்துவிடும்.

தேர்வாகாதவர்களுக்கு என்ன சொல்வது?

ஏதாவது சொல்லுங்கள், அதுவே பெரிய காரியம். இங்கே வழக்கம் என்னவென்றால், ‘நாங்களே கூப்பிடுகிறோம்’ என்று அனுப்பிவிட்டு அப்படியே விட்டுவிடுவது. அவர் இரண்டு மாதம் கழித்து முகநூலில் பூஜைப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். முடிவு எடுத்த அன்றே புலனத்தில் இரண்டு வரி: ‘வந்ததற்கு நன்றி. இந்தப் பாத்திரத்துக்கு வேறொருவரை முடிவு செய்திருக்கிறோம்.’ காரணத்தை விளக்க வேண்டாம், கேட்டால் மட்டும் ஒன்று சொல்லுங்கள், அதுவும் அவரால் மாற்றிக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். உயரத்தைப் பற்றியும் முகத்தைப் பற்றியும் பேசாதீர்கள்.

தேர்ந்தெடுத்தவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்வரை இரண்டாவது இடத்தில் இருப்பவருக்கு மட்டும் மறுப்பு அனுப்பாதீர்கள். ‘இன்னும் முடிவாகவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறேன்’ என்று உண்மையைச் சொல்லி, வெள்ளிக்கிழமை சொல்லிவிடுங்கள். ஆடிஷன் வீடியோக்களை யாருக்கும் அனுப்பாதீர்கள், வேடிக்கைக்குக்கூட. படம் முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.